கூரத்தைச் சிங்கப்பூர் ஆக்கும் வழி

வெளிநாட்டுக்குக் கல்விப் பயணம் போய்வந்த ஆசிரியர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். என் கையில் இருப்பது ஒரு பக்கப் படிவம். அதில் மூன்று கட்டங்கள்: கண்டவை, கற்றவை, நம் பகுதியில் நடைமுறைப்படுத்தத் தக்கவை. உடன் வந்த ஆசிரியப் பெருமக்கள் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குவதற்குள் நிரப்பிவிட்டார்கள். கண்டவை: தூய்மை. கற்றவை: ஒழுங்கு. நடைமுறைப்படுத்தத் தக்கவை: மேற்கண்ட இரண்டும். கையெழுத்து, தேதி, தீர்ந்தது. எனக்குக் கட்டம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். படிவத்தைப் பெற வேண்டியவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். படிவத்தையும் அவர்கள் படிப்பதில்லை.

கூரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். கூரத்தாழ்வார் பிறந்த மண். ராமானுஜரின் சீடரான அவர் பெருஞ்செல்வர். இரவில் அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரதர் சந்நிதி வரை எட்டியதாம். அது என்ன ஓசை என்று தாயாரே கேட்டதாகத் தெரியவந்ததும் வெட்கிப்போய், இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுத் திருவரங்கத்துக்கு நடந்தார் என்பது வைணவ மரபு. கதவுச் சத்தத்துக்கே வெட்கப்பட்டவர் பிறந்த வட்டாரத்தில் இன்று ஒரு வட்டச் செயலாளர் வீட்டுக் காதுகுத்துக்கு முச்சந்தியை மறைத்துப் பேனர் நிற்கிறது. 2019-ல் பள்ளிக்கரணையில் அப்படி ஒரு பேனர் சரிந்து இருசக்கர வண்டியில் போன இளம்பெண் ஒருவர் இறந்தார். நாடே கண்ணீர் விட்டது. பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தன. எழுதிக் கொடுத்ததற்குப் பாராட்டுப் பேனர் வைக்காததுதான் பாக்கி.

கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காலைத் தூக்கி நிற்கிறார். இந்த ஊரைவிட்டு வெளியே போனவர்களில் தலையில் கடன் இல்லாதவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

காஞ்சியிலிருந்து ஆசிரியர்கள் தென்கிழக்காசியா போவதொன்றும் புதிதல்ல. பல்லவர் காலத்தில் வஜ்ரபோதி என்ற பௌத்த ஆசான் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயத்தில் சில மாதம் தங்கி, 720-ஐ ஒட்டிச் சீனத் தலைநகரை அடைந்தார். அவர் போனது கற்பிக்க. நாளுக்கு இத்தனை செல்ஃபி வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பியதாகத் தெரியவில்லை. நாங்கள் போனது ‘எக்ஸ்போஷர்’ வாங்க. எங்களோடு ஒரு அதிகாரியும் வந்தார். அவருக்கு எதற்கு எக்ஸ்போஷர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் கூட்டிப்போய்க் காட்டியது அருவியை. ‘ஜுவல்’ என்று 2019-ல் திறந்த கண்ணாடிக் கூடாரம். கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் தண்ணீர் கொட்டுகிறது, சுற்றிலும் காடு வளர்த்திருக்கிறார்கள். அருவிக்கு முதுகைக் காட்டி எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். 1981-ல் திறந்த இந்த விமான நிலையத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம் என்று வழிகாட்டி சொன்னார். பக்கத்தில் நின்ற அதிகாரி என் தோளைத் தட்டினார். “நம்ம பக்கமும் வருதுல்ல வாத்தியாரே, பரந்தூர்ல! இதைவிடப் பெருசு.”

வருகிறது, எங்கள் மாவட்டத்துக்குத்தான் வருகிறது. 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும், ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஊர்களின் நிலம். நஞ்சை அதில் இருக்கிறது, ஏரி இருக்கிறது, குளமும் தாங்கலும் இருக்கின்றன. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பித் திருப்பெரும்புதூர் வரை கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் ஊடாகத்தான் ஓடுகிறது. சிங்கப்பூர்க்காரன் விமான நிலையத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தான். நாம் தண்ணீருக்குள் விமான நிலையத்தைக் கொண்டுபோகிறோம். சிங்கப்பூரை மிஞ்சுவோம் என்று மேடைக்கு மேடை சொன்னபோது கைதட்டினோமே, மிஞ்சிவிட்டோம்.

அந்த ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் பகலில் வயல்வேலை, நூறுநாள் வேலை எல்லாம் முடித்து, மாலையில் கூடி உட்கார்ந்து போராடினார்கள். ஒரு நாள் இரு நாள் இல்லை, ஆயிரம் நாளைத் தாண்டிப் போராடினார்கள். கிராமசபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். கிராமசபைதான் மக்களாட்சியின் ஆணிவேர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். ஆணிவேரைப் புல்டோசர் என்ன செய்யும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஏரி குறுக்கே வந்தால் என்ன செய்வது? அதற்கும் 2023-ல் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம் என்று ஒன்றை, விவாதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். நீர்நிலையோடு சேர்ந்த நிலத்தையும் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து எடுத்துக்கொள்ளலாம். ஏரிக்குள் ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, அரசு ஓடுதளம் போட்டால் ஒருங்கிணைப்பு. எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது உழவர்களோடு நின்று கொதித்தவர்கள், நாற்காலி மாறியதும் அதே கொதிப்பை அடுத்த கட்சிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது அவர்கள் முறை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். இங்கே வைகுண்டம் காட்டுவதற்குக் கூரையையே பிரிக்கிறார்கள்.

போராட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் ஒரே ஒரு ஆள் பதாகை பிடித்து நின்றாலும் அது சட்டப்படி கூட்டம்தான். 2009-ல் கொண்டுவந்த பொது ஒழுங்குச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பேச வேண்டும் என்று தோன்றினால் ஹாங் லிம் பூங்காவில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே போய்ப் பேசலாம். எங்கள் அதிகாரி பயணம் முழுக்கக் குறிப்பேட்டைத் திறந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்து மணல். சிங்கப்பூர் சுதந்திரம் வாங்கியபோது அதன் பரப்பு 580 சதுர கிலோமீட்டர் சொச்சம். இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. கடல் தானாக விலகிப்போகவில்லை. இந்தோனேசியா, மலேசியா, கம்போடியா மணலைக் கப்பல் கப்பலாக வாங்கிக் கொட்டினார்கள். தீவுகள் கரைகின்றன என்று இந்தோனேசியா 2007-ல் ஏற்றுமதியை நிறுத்தியது, 2017-ல் கம்போடியா நிறுத்தியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் அள்ளியது அடுத்தவன் வீட்டில். பாலாற்றில் அள்ளியது யார் வீட்டு மணல்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லாரி வரிசை கட்டிப் போனபோது கூரத்திலும் வாலாஜாபாத்திலும் தூங்காமல் கிடந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் மணலைப் போட்டு நாட்டைப் பெரிதாக்கினார்கள், நாம் மணலை விற்று ஆற்றைச் சின்னதாக்கினோம். இப்போது கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது என்று ஆழ்துளை போட மானியம் தருகிறார்கள். ஆழ்துளைக் குழாய் வந்து இறங்குவது அதே லாரியில்.

சிங்கப்பூர் ஆற்றையும் காட்டினார்கள். அது ஒரு காலத்தில் நம் கூவம் போலத்தான் நாறிக் கிடந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, கரையோரக் குடிசை, தெருவோரச் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றின் கழிவும் அதில்தான் விழுந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடம் கெடு வைத்தார். 1987-ல் ஆறு சுத்தமாகிவிட்டது. சுமார் 26,000 குடும்பங்களை இடம் மாற்றினார்கள், மாற்றியவர்களுக்கு அடுக்குமாடி வீடு இருந்தது. அந்த முறையில் எனக்கு ஒப்புதல் இல்லாத கடுமை நிறைய உண்டு. ஆனால் கெடு கெடுவாக இருந்தது. நாம் கூவத்தில் 1970-களிலேயே படகு விட்டவர்கள். அன்று முதல் இன்று வரை கூவம் சுத்தமாகிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்சியும் ஒரு முறை சுத்தம் செய்கிறது, அடுத்த ஆட்சி அது இன்னும் அழுக்காக இருப்பதைக் கண்டுபிடிக்கிறது.

எங்கள் காஞ்சிக்கு வேகவதி என்று ஒரு ஆறு உண்டு. பெயரில் வேகம் இருக்கிறது, தண்ணீரில் இல்லை, ஏனென்றால் தண்ணீரே இல்லை. சாக்கடை இருக்கிறது, ஆகாயத்தாமரை இருக்கிறது, கோழிக்கடைக் கழிவு மூட்டை இருக்கிறது. ஊருக்குள் மஞ்சள்நீர்க் கால்வாய் ஓடுகிறது. அம்மனுக்கு மஞ்சள் நீராட்டிய பெயர் போலக் கேட்கிறது, ஓடுவது என்ன என்று காஞ்சிபுரத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வார்கள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது முதலில் போவது கரையோர ஏழையின் ஓட்டு வீடு. கல்யாண மண்டபத்துக்கும் கல்லூரிக்கும் தடையாணை கிடைத்துவிடும்.

ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பு இப்படியா இருந்தது என்று கேட்டால், நம் ஆள் உடனே மார்பைத் தட்டுவான். தட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கட்டும். கூரம் செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் வெட்டிக் கொடுத்தது, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சாளுக்கிய விக்கிரமாதித்தன் பல லட்சம் படையோடு வந்து, கந்தலை மட்டும் போர்த்திக்கொண்டு ஓடினான் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆக, பல்லவனும் பேனர் வைத்தவன்தான். ஆனால் அவன் பேனருக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருந்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற காலை வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரியை நிரப்பிய செய்தி அதே ஏட்டில் இருக்கிறது. ஓர் ஊரை 25 பங்காக்கி, மூன்று பங்கு கூரத்துக் கற்கோயில் பூசைக்கும் மராமத்துக்கும், ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும், ஒரு பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவனுக்கும் என்று எழுதி வைத்தான். பாக்கி இருபது பங்கும் நான்மறை கற்ற அந்தணர்க்குப் போனது. செக்கும் தறியும் வரிப் பட்டியலில்தான் வருகின்றன. பொற்காலம் என்று பாடுகிறவர்கள் தறிக்காரன் அதில் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதையும் சேர்த்துப் பாடட்டும்.

அது கிடக்க, என் வயிற்றெரிச்சல் வேறு. பாரதம் வாசித்தவனுக்கு நிலத்தில் பங்கு. பொதுமண்டபத்தில் உட்கார்ந்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்த அவன் என் தொழிலின் மூத்த ஆள். 2012-ல் இதே தமிழ்நாட்டில் ஓவியமும் உடற்பயிற்சியும் கணினியும் சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் அதுவும் கிடையாது, ஏனென்றால் மே மாதம் ஆசிரியருக்குப் பசிக்காது. நிரந்தரம் செய்வோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதினார்கள். அந்த ஆசிரியர்கள் சென்னையில் உட்கார்ந்து அறிக்கையை நினைவூட்டியபோதெல்லாம் போலீஸ் வேனில் ஏற்றி மண்டபத்தில் வைத்தார்கள். பல்லவனும் ஆசிரியனை மண்டபத்தில்தான் வைத்தான், பங்கு கொடுத்து வைத்தான்.

இனிச் சிங்கப்பூரின் அந்தப் பக்கம். இது எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலைப் பக்கம், தேக்கா தாண்டி நடந்தேன். திருச்சிக்காரன், புதுக்கோட்டைக்காரன், தஞ்சாவூர்க்காரன், வங்காளதேசத்துக்காரன் என்று தெரு நிறைய ஆள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவன், வீடியோ காலில் குழந்தைக்கு முத்தம் கொடுக்கிறவன், புல்தரையில் சும்மா வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறவன். பின்னாலிருந்து “சார்!” என்று ஒரு குரல். என்னிடம் எட்டாவது படித்த பையன். அவன் அப்பா பட்டுத்தறி. கரை கோத்து வாங்க ஒரு சின்னக் கை வேண்டும் என்று தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்த பிள்ளையை, வீடு வீடாக ஏறிச் சண்டை போட்டுப் பள்ளிக்கு இழுத்துவந்த காலம் அது. குழந்தைத் தொழிலை ஒழித்தோம் என்று எங்களுக்குச் சான்றிதழ் கூடக் கொடுத்தார்கள். அவன் படித்தான், பாலிடெக்னிக் முடித்தான். சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறான்.

“நல்லா இருக்கியாப்பா?”

“இருக்கேன் சார். மூன்றரை லட்சம் கட்டி வந்தேன். வட்டியோட இன்னும் பாதி நிக்குது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், அடைஞ்சிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அடிப்படைக் கூலி நாளுக்கு இருபது வெள்ளி. ஓவர்டைம் பார்த்தால்தான் கையில் நிற்கும். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் விடியற்காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும், மதியம் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும். வேலைக்குப் போவது கம்பெனி லாரியில். சரக்கு ஏற்றும் லாரியின் பின்தட்டில் குந்தியபடி போகிறார்கள். காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அபராதம் போடும் நாடு அது. லாரியில் குந்தியிருப்பவனுக்கு அபராதம் இல்லை, பெல்ட்டே இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காவிட்டால் தண்டனை என்று 2021-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். மனிதனை லாரியில் அள்ளிப்போவதை நிறுத்துங்கள் என்று அந்த நாட்டு நல்லவர்களே பல வருடமாகக் கேட்கிறார்கள். நிறுத்தினால் சின்ன நிறுவனங்களுக்குச் செலவாகும், வேலை தாமதமாகும் என்று பதில் வருகிறது. எங்கள் குழு ஏசி பஸ்ஸின் கண்ணாடி வழியாக வியந்து வியந்து எண்ணிய மாடிகள் எல்லாம் அந்த லாரியில் போனவர்கள் கட்டியவை. அந்த லாரியும் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயேதான் சிக்னலில் நின்றது, யாரும் படம் எடுக்கவில்லை.

தமிழ் அங்கே ஆட்சிமொழி என்று நம் மேடைப் பேச்சாளர்கள் புல்லரிப்பார்கள். உண்மைதான், நானும் ரயில் நிலையத்தில் தமிழ்ப் பெயரைப் பார்த்து நெகிழ்ந்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, கட்டுமானத் தடுப்பிலும் போய்ப் பார்க்க வேண்டும். ‘அபாயம்’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. அந்தத் தமிழைப் படிக்க வேண்டியவன் யாரென்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான குடியிருப்புக்குப் பக்கத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி வரப்போகிறது என்றதும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். வீட்டு விலை இறங்கும், பாதுகாப்பு போய்விடும் என்றார்கள். அரசு சமாதானம் செய்தது. விடுதி வரும், ஆனால் தொழிலாளிகள் உங்கள் தெரு வழியாக வரமாட்டார்கள், தனிச் சாலை போட்டுத் தருகிறோம் என்றது. போட்டும் கொடுத்தது. ‘கற்றவை’ கட்டத்தில் இதை எழுத எனக்கு அவசியமே இல்லை. அதே 2008-ல்தான் மதுரைப் பக்கம் உத்தப்புரத்தில், ஊரையும் தலித் மக்களையும் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடித்தோம். ஊருக்கு ஒரு வழி, காலனிக்கு ஒரு வழி போடும் கலையில் சிங்கப்பூர் நம்மிடம் பயிற்சிக்கு ஆள் அனுப்பலாம். படிவம் நாம் கொடுப்போம்.

2020-ல் கொரோனா வந்தபோது அந்த விடுதிகளில் சுமார் 3,23,000 பேர் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 1,52,000 பேரைத் தொற்று தொட்டிருந்தது என்று அந்த அரசே கணக்குச் சொன்னது. ஊர்மக்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் வெகுகாலம் விடுதிக்காரர்கள் விடுதி, வேலை, விடுதி என்றே பூட்டப்பட்டிருந்தார்கள். சிகிச்சையும் சாப்பாடும் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வருடம் நம் நாட்டில் தண்டவாளத்தில் நடந்துபோன தொழிலாளிகளை நினைத்தால், அடுத்தவனை ரொம்பத் திட்டவும் நாக்கு எழவில்லை.

பையன் என்னை ஒரு புடவைக் கடைக்குள் கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் ‘அசல் காஞ்சிபுரம் பட்டு’ என்று அட்டை. விற்பனைப் பெண் விரித்துக் காட்டினாள். அவன் புடவையின் உடம்பைத் தொடவில்லை, கரையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தான். உடம்பும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை போட்ட தடம் இருக்க வேண்டும். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தான். “பவர்லூம் சார்” என்றான் மெதுவாக. கம்பி கட்டிக் காய்த்த விரல், இன்னும் மறக்கவில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். கைத்தறிக்கென்றே ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் போட்டோம். முதலில் 22 ரகம் ஒதுக்கினார்கள், பிறகு அது 11 ஆயிற்று. அந்தப் பதினொன்றையும் பவர்லூம்காரன் பகலில் ஓட்டுகிறான். காஞ்சிபுரம் கடைத்தெருவிலேயே பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு எதிராகப் பவர்லூம் புடவை மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சிங்கப்பூர்க் கடைக்காரனை என்ன சொல்ல? தறிக்கூலி கட்டுபடியாகவில்லை என்று ஒரகடம், திருப்பெரும்புதூர் கம்பெனிகளுக்குக் காவலாளியாகப் போன நெசவாளிகள் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் எண்ணினால் கை விரல் போதாது. விமானம் ஏறியவர்கள் தனி.

இப்போது பரந்தூர் ஓடுதளத்தை மறுபடி யோசித்துப் பாருங்கள். நிலத்தைக் கொடுத்த வீட்டில் காசு எத்தனை நாள் நிற்கும்? உழவு போனது, ஏரி போனது, பிள்ளை படித்திருக்கிறான், வேலை இல்லை. அவனிடம் ஒரு ஏஜெண்டு வருவான். இழப்பீட்டுப் பணத்தில் மிச்சமிருப்பது ஏஜெண்டுக்குப் போகும். பையன் தன் தாத்தா நாற்று நட்ட இடத்தில் கட்டிய கவுண்டரில் நின்று, பாஸ்போர்ட்டை நீட்டிப் பறப்பான், வேறொருவன் ஊரைச் சிங்கப்பூர் ஆக்க. கூரத்தைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐயா, சிங்கப்பூரை ஆக்கியவர்கள் கூரத்துக்காரர்கள். அவர்களுக்குக் கைவேலை தெரியும். உங்களிடம்தான் வேலை இல்லை, வெட்கமும் இல்லை.

‘நடைமுறைப்படுத்தத் தக்கவை’ கட்டத்தில் அதிகாரிகளுக்கு எழுத எனக்கு எதுவும் இல்லை. பிள்ளையை அனுப்ப நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பியிருக்கும் தாய் தகப்பனுக்குச் சில உண்டு. சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்நாட்டு ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இந்திய விதிப்படி பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரசீதோடு. மூன்று லட்சம், நான்கு லட்சம் என்பவன் உங்களிடம் வாங்குவது கட்டணம் இல்லை, கொள்ளை. குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் கிடையாது, அதனால் வழியில் உங்கள் பிள்ளையை நிறுத்தி என்ன சம்பளம் என்று கேட்க எந்த அலுவலகமும் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். முகவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐபிஏ என்ற முன்அனுமதிக் கடிதம் தமிழிலும் வரும். அதில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் எழுதியிருக்கும். அதைக் கையில் வாங்கி, எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரையாவது விட்டாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.